சேமித்து வைத்த படிவம் விண்ணப்பம் ஆகாது

கேள்வி: நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். 2021இல் லண்டன் வந்து அசைலம் கேட்டேன். முதலில் நிராகரித்தார்கள்; அப்பீலில் வென்று 2025 ஜூனில் அகதி அந்தஸ்து கிடைத்தது. மனைவியும் 17 வயது மகளும் 12 வயது மகனும் ஊரில் இருக்கிறார்கள். ஜூலையில் ஃபமிலி ரியூனியன் படிவத்தை ஆன்லைனில் நிரப்பத் தொடங்கினேன். விவாகச் சான்றிதழ் கையில் இல்லாததால் பாதியில் சேமித்து வைத்தேன். செப்டம்பரில் அந்த விசாவை நிறுத்திவிட்டார்கள். நான் அதற்கு முன்பே தொடங்கியதால் பழைய விதி எனக்குப் பொருந்துமா? அசைலம் முடிவுக்காகக் காத்திருக்கும் என் மச்சானின் கேசும் நின்றுவிடுமா? மகளுக்கு வரும் பெப்ரவரியில் 18 வயது ஆகிறது.
– வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 4ஆம் திகதி பிற்பகல் 3 மணிக்கு முன் அந்தப் படிவம் ஹோம் ஆபீசுக்குச் சமர்ப்பிக்கப்பட்டதா, இல்லையா?

அந்த மணிக்கு முன் சமர்ப்பித்தவர்களின் விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே பார்க்கப்படும். அதன்பின் அகதிகளின் குடும்ப இணைவுக்கான அந்தத் தனிப் பாதையில் புதிய விண்ணப்பம் ஏற்கப்படாது. நீங்கள் நிரப்பியதும் சேமித்ததும் உங்கள் கணக்கில் மட்டுமே கிடக்கின்றன. கடைசிப் பொத்தானை அழுத்திச் சமர்ப்பித்ததற்கான உறுதி மின்னஞ்சலும் விண்ணப்ப இலக்கமும் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. எனினும் மின்னஞ்சல் பெட்டியை ஒருமுறை முழுவதும் தேடிப் பாருங்கள். படிவத்தை நிரப்ப உதவியவர் யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது. ஜூனில் அந்தஸ்து கிடைத்தது. செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, வருமான நிபந்தனை இல்லை, ஆங்கிலப் பரீட்சையும் இல்லை. ஊரைவிட்டு வருமுன் அமைந்த குடும்பம் என்பதைக் காட்டினால் போதும். சான்றிதழ் இல்லாவிட்டாலும் படிவத்தை அனுப்பிவிட்டு ஆவணத்தைப் பின்னர் பதிவேற்ற இடம் இருந்தது. அந்தச் சான்றிதழோ பிரதேச செயலகத்தில் உங்கள் மனைவியே கேட்டு வாங்கக்கூடிய ஒன்று. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பது போல, 'தெரிந்த அண்ணை ஒருவர் பொறுக்கச் சொன்னார்' என்று பொறுத்திருக்கிறீர்கள். அந்த அண்ணை சொலிசிட்டரா? குடிவரவு ஆலோசனை வழங்கப் பதிவு பெற்றவரா? இந்த நாட்டில் தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடையில், கோயிலில் கேட்ட பேச்சை நம்பி நாளைக் கடத்தியவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும்தான் இத்தனை சொல்கிறேன்.

அரசு இதைத் 'தற்காலிக' நிறுத்தம் என்று அறிவித்தது. ஆனால் 2025 நவம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில், இனி அகதிப் பாதுகாப்பு பெறுபவர்களுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை தானாக வராது என்று எழுதியிருக்கிறது. ஆகவே பழைய கதவு அப்படியே மறுபடி திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் மகளின் வயது காத்திருக்காது.

திறந்திருக்கும் வழி, மற்றவர்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கும் பொதுக் குடும்ப விசாதான். அதற்கு உங்கள் ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் இருக்க வேண்டும். இல்லையேல் 88,500 பவுண்ட் சேமிப்பு ஆறு மாதம் கணக்கில் நின்றிருக்க வேண்டும். மனைவி ஆங்கிலத்தில் ஏ1 நிலைப் பரீட்சை தேற வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2025இல் ஆளுக்கு 1,938 பவுண்டாக இருந்தது. சுகாதார மேல்வரி மனைவிக்கு 3,105, பிள்ளைகளுக்குத் தலா 2,328. அந்தக் கணக்கில் மூவருக்கும் சேர்த்தால் 13,575 பவுண்ட். கட்டணங்கள் அடிக்கடி ஏறுகின்றன. கட்டும் நாளில் மறுபடி பாருங்கள்.

களஞ்சிய வேலையில் 23,000 பவுண்ட் என்றும், வார இறுதியில் கடையில் கைக்காசாகக் கொஞ்சம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சம்பளச் சீட்டும் வங்கிப் பதிவும் இல்லாத கைக்காசு இதில் ஒரு சதமும் கணக்குக்கு வராது. அதை விண்ணப்பத்தில் எப்படியாவது நுழைக்க முயல வேண்டாம். பொய் ஆவணம் என்று வந்தால் உங்கள் குடும்பத்தின் அடுத்த விண்ணப்பங்களும் கெடும்.

வருமானம் போதாதவர்களுக்கும் விதியில் ஓர் இடுக்கு இருக்கிறது. நிராகரித்தால் குடும்பத்துக்கு, குறிப்பாகப் பிள்ளைக்கு, நியாயப்படுத்த முடியாத கொடுமை நேரும் என்று காட்டினால், ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆவது உறுப்புரையைக் கருதி விசா கொடுக்கலாம். உங்களுக்கு இதில் ஒரு பலம் உண்டு: நீங்கள் திரும்பிப் போய் ஊரில் குடும்பத்தோடு வாழ முடியாது என்பதை நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. அது மட்டும் போதாது. அனுப்பிய பணத்தின் ரசீதுகள், தொலைபேசிப் பதிவுகள், பாடசாலைக் கடிதம், மருத்துவக் குறிப்புகள், உங்களைத் தேடி வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் மனைவியின் சத்தியக்கடதாசி எல்லாம் வேண்டும். முக்கியமாக, முதல் நேர்காணலில் மனைவி பிள்ளைகளின் பெயரையும் திகதிகளையும் நீங்கள் எப்படிச் சொன்னீர்களோ, அப்படியே இப்போதும் இருக்க வேண்டும். பழைய சொலிசிட்டரிடமிருந்து கோப்பின் பிரதியை உடனே எடுங்கள். மனித உரிமை அடிப்படையிலான இத்தகைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம்.

மகள் விஷயத்தில் பார்க்கப்படுவது விண்ணப்பிக்கும் நாளில் உள்ள வயது. 18 பிறந்த பிறகு விண்ணப்பித்தால் அவள் பிள்ளையாகக் கணக்கில் வரமாட்டாள். தாயும் தம்பியும் வர, அவள் மட்டும் தனித்துவிடும் நிலை ஏற்படலாம். அதனால் தாயுடன் சேர்த்து அவளது விண்ணப்பமும் பிறந்தநாளுக்கு முன் போயாக வேண்டும். பணம் இல்லையென்றால் கட்டண விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் அப்படிக் கேட்கும்போது எந்தத் திகதியில் வயது பார்க்கப்படும் என்பதைச் சொலிசிட்டரிடம் முதலில் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

மச்சானுக்கு: அவரது அசைலம் கேஸ் நிற்காது. நிறுத்தப்பட்டது அந்தஸ்து பெற்றவர் குடும்பத்தை அழைக்கும் விசா மட்டுமே. பாதுகாப்புக் கேட்கும் உரிமை அல்ல. 'எல்லாம் மூடிவிட்டார்கள்' என்று நம்பி நேர்காணலுக்குப் போகாமல் விட்டால், கேசை அவரே விலக்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு அந்தஸ்து கிடைத்தாலும் குடும்பத்தை அழைப்பதில் இதே தடை நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்திருக்கட்டும்.

இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் பார்த்து எழுதியது; ஒரு ஆவணத்தையும் நான் பார்க்கவில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே விண்ணப்பிக்க வேண்டாம். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பீல் தீர்ப்பு, ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்றுகள் ஆகியவற்றோடு, குடிவரவு வழக்குகள் செய்யும் சொலிசிட்டர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. ஏதாவது ஒரு பத்திரம் இன்னும் வரவில்லை என்பதற்காக இம்முறையும் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதைக் கொண்டு போங்கள்.