தாராக் கூட்டத்தில் ஆண், பெட்டை அளவு

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோருக்கும், கொத்மலை, வலப்பனை ஆகிய இடங்களில் நெல் விளைவிப்போருக்கும் வீட்டுப்புறத்துத் தாரா வளர்ப்பு ஏற்றதொரு துணைத்தொழிலாகும். அறுவடை முடிந்த வயலிற் சிந்திய நெல்லையும், நத்தை, புழு, பூச்சி ஆகியவற்றையும் தாரா பொறுக்கி உண்ணும். அதன் எச்சம் மட்கிய பின் மரக்கறிப் பாத்திக்கு நல்ல எருவாகும்.

எனினும், முதலாண்டில் நன்கு முட்டையிட்ட கூட்டம் மறு ஆண்டிற் குன்றிப் போவதுண்டு. இதற்குத் தீனிக் குறைவும் நோயும் காரணமாகலாம். அவற்றை ஆராயும்போதே, கூட்டத்தில் உள்ள ஆண் தாராக்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆண்கள் மிகுவது ஏன்?

பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஆண்களாகவே இருக்கும். பன்னிரண்டு குஞ்சுகள் பொரித்தால் ஆறு ஆணும் ஆறு பெட்டையும் கிடைக்கும் எனக் கொள்ளலாம். அனைத்தையும் ஒன்றாக வளர்த்தால் பெட்டை ஒன்றுக்கு ஆண் ஒன்று என்ற நிலை ஏற்படும். இது பெருந்தவறாகும்.

தகுந்த அளவு யாது?

காக்கி காம்பெல், இந்தியன் ரன்னர் போன்ற முட்டையினங்களில் ஐந்து முதல் ஏழு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். பெக்கின் போன்ற பருத்த இறைச்சியினங்களில் நான்கு அல்லது ஐந்து பெட்டைகளுக்கு ஓர் ஆண் வேண்டும். உண்பதற்கு மட்டும் முட்டை வேண்டுவோர் ஆண் வளர்க்கவே தேவையில்லை. ஆண் இல்லாவிடினும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவே.

ஆண்கள் மிகுந்தால் நேரும் கேடு

பல ஆண்கள் ஒரே பெட்டையைத் துரத்திப் பிடிக்கும். பெட்டையின் பின்தலையிலும் கழுத்திலும் இறகு பிடுங்கப்பட்டுத் தோல் புண்ணாகும். கண்ணிற் காயமும் காலில் நொண்டலும் ஏற்படும். அச்சத்தால் அது மேயாமல் ஒதுங்கி நிற்கும், முட்டையும் குறையும். இறகுதிர் காலத்தில் உடலெங்கும் இறகு உதிரும். பின்தலையும் கழுத்தும் மட்டும் மொட்டையானால் அது ஆண்களின் தொல்லையே எனக் கொள்க.

மரக்கறிக்கு நீர் சேர்க்கும் செங்குத்தான குழிகளும் சீமெந்துத் தொட்டிகளும் இக்கூட்டத்திற்கு ஆபத்தானவை. நீரில் ஆண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகையிற் பெட்டை அமிழ்ந்து இறப்பதுண்டு. தொட்டியை மூடி வைத்து, தாராக்களுக்குத் தலை முழுதும் நனையக்கூடிய ஆழமற்ற பாத்திரத்தில் நீர் வைத்தல் நன்று. லயன் வீடுகளுக்குக் குடிநீர் செல்லும் ஓடையில் அவற்றை விடுதல் கூடாது.

செலவையும் கணக்கிடுதல் வேண்டும். வளர்ந்த தாரா ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் தீனி உண்ணும். தேவையற்ற ஆண் ஒன்று ஓராண்டில் உண்பது ஏறத்தாழ 55 கிலோகிராம். ஐந்து ஆண்களாயின் 275 கிலோகிராம் தீனி வீணாகும்.

ஆணை அறிவது எங்ஙனம்?

ஆறு முதல் எட்டு வார வயதிற் குரலைக் கேட்டே அறியலாம். பெட்டை உரத்துக் கத்தும். ஆணின் குரல் தாழ்ந்து கரகரப்பாக இருக்கும். மூன்று, நான்கு மாதமாகும்போது ஆணின் வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு தோன்றும். மஸ்கோவி இனத்தில் இவ்வடையாளங்கள் இல்லை. அதில் ஆண் பெட்டையினும் மிகப் பெரிதாக இருக்கும்.

மிகுந்த ஆண்களை என் செய்வது?

1. குரலால் இனங்கண்டவுடன் ஆண்களைப் பிரித்து வளர்த்து, மூன்று மாத வயதளவில் இறைச்சிக்கு விற்றல் வேண்டும். பண்டிகை வரும்வரை பெட்டைகளோடு விட்டு வைத்தல் கூடாது.

2. வைத்திருக்க விரும்பினால் ஆண்களைத் தனிக்கூண்டில், பெட்டைகளைக் காணாதவாறு அடைத்தல் வேண்டும். பெட்டை இல்லாவிடத்து அவை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

3. ஓர் ஆணை இரண்டொரு பெட்டைகளுடன் மட்டும் விடுதலும் தவறு. பெட்டைகளைக் கூட்டுக, அன்றேல் ஆணை அகற்றுக.

4. ஆண் தாராவைக் கோழிப் பேடுகளுடன் அடைத்தல் ஆகாது. அது பேடுகளின் மீது ஏறி உட்காயம் விளைவித்து அவற்றைக் கொல்லவும் கூடும்.

குஞ்சுக்கு ஆண் தெரிதல்

சுறுசுறுப்பும் நேரான கால்களும் உடைய ஆணைத் தெரிதல் வேண்டும். உடன்பிறந்த பெட்டைகளோடு அதனைச் சேர்த்தல் கூடாது. உறவற்ற கூட்டமுடைய அயலவரோடு ஆணை மாற்றிக்கொள்க. பழைய ஆணை நீக்கிப் புதியதை விட்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னரே அடைக்கு முட்டை சேர்த்தல் வேண்டும். காக்கி காம்பெல் பெரும்பாலும் அடைகாப்பதில்லை; ஆகவே முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைக்கலாம். ஏழாம் நாள் விளக்கொளியிற் பார்த்துக் கருவற்ற முட்டைகளை நீக்குக. 28 நாளிற் குஞ்சு பொரிக்கும். மஸ்கோவிக்கு 35 நாள் ஆகும்.

புண்பட்ட பெட்டையை உடனே தனியே வைத்து, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக. மற்றைய கமக்காரர் இன்று மாலை தாராக்களை அடைக்கும்போதே ஆண்களையும் பெட்டைகளையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பாராக.