படம் வரைந்து பிழைக்க வரும் பிள்ளைகளுக்கு

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப் பலகை மாறினாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தாய் என்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் படம் வரைவதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்பட்டு என்னிடம் வருகிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. முதலாளி என்று ஒருவர் கிடையாது. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் கேட்டதை வரைந்து கொடுத்து வாழும் வாழ்க்கை இது. தம்பி, தங்கைகளே, இதிலேயே முடி நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் ஊரை யார் வரைந்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டார். இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் அவர் செம்பனை நட்டதுதான் மலாயாவில் வணிகத்துக்காக நடந்த முதல் செம்பனைப் பயிரிடல். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவருடைய தம்பி சார்ல் அந்த நாவலுக்குப் படங்கள் செய்திருக்கிறார். நம் தாத்தா பாட்டிகள் அந்த எழுத்தில் துரையின் கண் வழியாகத் தெரிகிறார்கள். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் லயம் எப்படி இருந்தது, விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்துக்குப் போகிற பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று வரைந்து வைத்தவர்கள் மிகக் குறைவு. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்ய உங்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

2. தெரிந்த பொருளையும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரையுங்கள். அண்மையில் எனக்கு வந்த வேலை, பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியைப் பற்றிய சிறுவர் படக்கதை. முப்பத்திரண்டு பக்கம். கதை எழுதியவர் பட்டணத்தில் வளர்ந்தவர். மாதிரிக்கென்று இணையத்திலிருந்து சில படங்களை எடுத்து அனுப்பியிருந்தார். ஒன்றில் நடுப்பகல் வெயிலில் ஒரு பெண் மரம் சீவுகிறாள். இன்னொன்றில் வெட்டுக்கு மேலே பால் பிடிக்கும் மங்கு தொங்குகிறது. பால் எப்படி மேலே ஏறி மங்கில் விழும்?

அந்த வேலையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தொழில் இதில்தான் இருக்கிறது. பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தைச் சுற்றி, கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன. அந்தக் குழாய்களில் அதிகமானவற்றை அறுப்பதற்காக வெட்டுக்கோடு அதற்கு எதிர்ச் சாய்வில் போகும். மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும். கோட்டின் கீழ்முனையில் தகரத் தூம்பு, அதற்குக் கீழே கம்பியில் மங்கு. வெட்டு நாளுக்கு நாள் கீழே இறங்குவதால் புதுப்பட்டை வளர்ந்துவரும் பகுதி கோட்டுக்கு மேலேதான் இருக்கும், கீழே இருக்காது. விடியலுக்கு முன்னால் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். ஆகவே வெட்டும் பக்கத்தில் இருட்டும் நெற்றி விளக்கும் வேண்டும். பால் எடுக்கும் பக்கத்தில் வெயில் வந்திருக்க வேண்டும், பாட்டியின் தோளில் காண்டாக் கம்பும் இரண்டு வாளியும் இருக்க வேண்டும். உடுப்பில் கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. விசிறி மடிப்புச் சேலை கட்டிக்கொண்டு யாரும் மரம் வெட்டப் போனதில்லை.

இவ்வளவு எதற்கு, குழந்தைகளுக்குத் தெரியவா போகிறது என்று கேட்பார்கள். அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படம் காட்டப்போகிற பாட்டிக்குத் தெரியும். தன் வாழ்க்கை அச்சில் தவறாக வந்திருப்பதைப் பார்த்தும் அவள் வாய் திறக்க மாட்டாள். அந்த மௌனத்துக்கு நாம் காரணமாகக் கூடாது.

செம்பனைக்கும் இதே கவனம் வேண்டும். குட்டை மரத்தில் உளியால் குலை தள்ளுவார்கள். நெட்டை மரத்தில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அறுப்பார்கள். குலை ஒன்று பதினைந்து, இருபது கிலோ இருக்கும். அதைத் தூக்குகிற ஆளின் முதுகு வளையாமல் இருந்தால் உங்கள் படம் பொய் சொல்கிறது.

3. வெளியே போய் வரையுங்கள். தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் பெருமையே இதில்தான் இருக்கிறது. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவைதான் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' ஆக வந்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம், அந்தக் கதைக்காகக் கல்கியோடு இலங்கைக்கே போய் இடங்களைப் பார்த்து வந்தார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக்குப் போங்கள். சாம்பல் நிறத் தாய்க் குரங்கின் வயிற்றில் செம்மஞ்சள் நிறக் குட்டி தொங்குவதைக் கண்ணால் பாருங்கள். கம்போங் குவாந்தானில் படகேறி, ஆற்றங்கரை பெரெம்பாங் மரத்தில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பாருங்கள். அதைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

4. கேலிச்சித்திரக்காரர் லாட்டின் வாழ்க்கையைப் படியுங்கள். 1951இல் பேராவில் கம்பத்துப் பிள்ளையாகப் பிறந்தவர். 1964இல், பதின்மூன்று வயதில், முதல் சித்திரக்கதைப் புத்தகம் வெளியானது. மூத்த கேலிச்சித்திரக்காரர் ரெஜாபாட் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். பள்ளி முடித்துப் பத்திரிகையில் ஓவியர் வேலை கேட்டபோது இடமில்லை. குற்றச் செய்தி நிருபராகத்தான் சேர முடிந்தது. வரைவதை மட்டும் அவர் விடவில்லை. மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ஆசியா மேகசின்' இதழில் வெளியாயின. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆசிரியர் லீ சியூ யீ அதைப் பார்த்து, இவரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தேடினால், அவர் தன் நிறுவனத்திலேயே நிருபராக இருந்தார். அவருடைய 'கம்போங் பாய்' புத்தகம் 1979இல் வந்தது. 1984இல் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்யத் தொடங்கினார்.

ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். முதல் புத்தகத்துக்கும் வேலையை விட்டதற்கும் நடுவில் இருபது ஆண்டு. ஒரு வேலையில் இருந்துகொண்டே வரைவதில் எந்தக் குறைவும் இல்லை. வாடகைக்கும் சோற்றுக்கும் வழி செய்துகொண்டு, கைவசம் வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு இறங்குங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். 'கம்போங் பாய்' கதையில் ஈயம் தோண்டும் கப்பல் வருகிறது. நம் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியும் அப்படிப்பட்ட கப்பல்கள் ஓடின, அவை விட்டுப்போன குளங்கள் இன்னும் கிடக்கின்றன. லாட் தன் கம்பத்தை வரைந்தார், உலகம் படித்தது. தோட்டத்துப் பிள்ளையின் கதை அப்படி ஒரு புத்தகமாக வர வேண்டும்.

5. இனிச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 26. ஒருவர் கேட்டு நீங்கள் வரைந்து கொடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில், அந்தப் படத்தின் பதிப்புரிமை வேலை கொடுத்தவருக்கே மாறிவிட்டதாகச் சட்டம் கொள்ளும். வரைந்தது நான்தானே, உரிமை என்னிடம்தான் இருக்கும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதி வைத்தால்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு நிறுவனத்துக்குப் புத்தக அட்டை வரைந்து கொடுத்தாள். மறு ஆண்டு அதே படம் நாட்காட்டியில் வந்தது, அதற்கடுத்து பையில் வந்தது. ஒரு காசு கூடுதலாக வரவில்லை. கேட்டபோது, காகிதத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். காகிதமே இல்லை.

ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு பக்கம் போதும், எழுதிக்கொள்ளுங்கள். பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும், இந்தப் புத்தகத்தின் இந்தப் பதிப்புக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி, வேறு எதற்கும் தனிக் கட்டணம். முழு உரிமையும் வேண்டும் என்றால் கொடுக்கலாம், அதற்குரிய விலை வேறு. உரிமை கைமாறினாலும் பிரிவு 25 உங்களோடு நிற்கிறது. வரைந்தவர் என்று உங்கள் பெயர் சொல்லப்படவும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி படத்தைச் சிதைக்காமல் தடுக்கவும் அது இடம் தருகிறது. பெயரை எங்கே போடுவார்கள் என்பதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

6. பணம் பேச வெட்கப்படாதீர்கள். பாதி முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடாதீர்கள். எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பென்சில் வரைவு ஒப்புதல் ஆன பிறகு கதையை மாற்றினால் அது புது வேலை. நடுவில் வேலையை நிறுத்தினால் அதுவரை செய்ததற்கு என்ன கூலி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சொந்தக்காரர், தெரிந்தவர், ஊர்க்காரர் என்று வரும் வேலைகளில்தான் இது அதிகம் தேவைப்படும். நம் பெற்றோர் தராசுக்காரன் சொன்ன பால் எடையை எதிர்த்துப் பேச முடியாத காலத்தில் வேலை செய்தார்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை.

7. கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளிச் சுவர் என எது வந்தாலும் முழு மனதோடு செய்யுங்கள். ஊர் முழுக்கப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

8. தமிழ் எழுத்துக்கு இடம் விட்டு வரையுங்கள். மலாய், ஆங்கிலப் படக்கதைக்கு விடுகிற இடம் தமிழுக்குப் போதாது, நம் சொற்கள் நீளம். படத்தின் மேல் எழுத்தைக் கலந்து வைக்காமல் தனி அடுக்காக வையுங்கள். இன்டிசைனில் தமிழை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறினால், வேர்ல்ட் ரெடி கம்போசரை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிப் பக்கம்வரை பார்த்தே ஆக வேண்டும். திரையில் அழகாகத் தெரிகிற விடியல் நீலமும் செம்பனைப் பச்சையும் வழவழப்பில்லாத தாளில் ஊறி இருண்டுபோகும். முன்பு சொன்ன பாட்டியின் படக்கதையில் இருட்டுப் பக்கங்கள் நிறைய என்பதால், மாதிரி அச்சு பார்க்காமல் முடியாது என்று அடம்பிடித்து வாங்கினேன்.

9. செயற்கை நுண்ணறிவில் ஒரு நிமிடத்தில் படம் வருகிறதே, உனக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் வருவார்கள். வாதாடிக் களைக்காதீர்கள். அது கொடுத்த படத்தில் மங்கு எங்கே தொங்குகிறது, வெட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் காட்டுங்கள். விவரம் தெரிந்தவர் உங்களிடம் திரும்பி வருவார். மலிவு மட்டுமே வேண்டுமென்பவர் முன்பும் நமக்குச் சோறு போட்டதில்லை.

10. கணக்கு. மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆண்டுக்கு முப்பது வெள்ளிதான். வருமான வரிக்கு நீங்கள் நிரப்ப வேண்டியது சம்பளக்காரரின் பிஇ பாரம் இல்லை, தொழில் வருமானத்துக்குரிய பி பாரம். அதற்குக் கெடு ஜூன் 30. இபிஎஃப்பில் சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் முடிந்ததைப் போடுங்கள், அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்பவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. கை ஒடிந்தால் நமக்கு மாதச் சம்பளம் வராது, நினைவிருக்கட்டும்.

11. வீட்டில் அம்மாவும் அப்பாவும் பயப்படுவார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். நிலையான கூலி இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். முதல் புத்தகம் வந்ததும் உள்ளே உங்கள் பெயர் அச்சான பக்கத்தைக் காட்டுங்கள். வந்த பணத்தையும் காட்டுங்கள்.

12. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. பழைய லயங்கள், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, முனியாண்டி கோயில் எல்லாம் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. உங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ, இந்த மாதமே போய் வரைந்து வையுங்கள். பக்கத்தில் அங்கே வாழ்ந்த ஒருவரை உட்கார வைத்து, எது எங்கே இருந்தது என்று கேட்டுக் கேட்டு வரையுங்கள். தாளின் அடியில் தோட்டத்தின் பெயர், தேதி, சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். இதற்கு யாரும் பணம் தரப்போவதில்லை. என்றாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.