இன்சூரன்ஸ் இருந்தும் ஜப்தி வருமா?

லஸ் முனையிலோ பனகல் பூங்கா அருகிலோ இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். பத்தாவது நிமிடத்தில் அதில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: "இன்சூரன்ஸ் இருக்குல்ல? அப்புறம் என்ன, கம்பெனி பார்த்துக்கும்." அடிபட்டவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் இது சரிதான். வண்டிக்காரர் நிலைமை வேறு. கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, அதே பணத்தைக் கேட்டு அவர் மேலேயே நீதிமன்றப் படியேறும் நாளும் உண்டு. அது எப்போது, எதற்காக என்பதில்தான் நம்மிடையே குழப்பம்.

நம்பிக்கை: நஷ்டஈடு பாலிசித் தொகையைத் தாண்டினால் மீதியை நாம்தான் கட்ட வேண்டும்.

உண்மை: உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அப்படி இல்லை. அமெரிக்காவில் பாலிசிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வண்டிக்காரர் மேல் வழக்கு வரும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி எடுக்கும் தேர்டு பார்ட்டி பாலிசியில், மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் உச்சவரம்பே கிடையாது. விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் 10 லட்சம் என்றாலும் 1 கோடி என்றாலும் கம்பெனிதான் கட்ட வேண்டும். பாலிசித் தாளில் ஐடிவி என்று 45,000 ரூபாய் போட்டிருப்பதைப் பார்த்து, "இவ்வளவுதான் கிடைக்குமா?" என்று பதறுகிறவர்கள் உண்டு. அது உங்கள் வண்டியின் மதிப்பு மட்டுமே. நீங்கள் இடித்தவருக்கான கணக்கு அதில் இல்லை.

நம்பிக்கை: அப்படியென்றால் எதற்குமே வரம்பு இல்லை.

உண்மை: பொருள் சேதத்துக்கு உண்டு. பாலிசியில் 'லிமிட்ஸ் ஆஃப் லையபிலிட்டி' என்ற பகுதியைத் தேடுங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் தொகையே இராது. மோட்டார் வாகனச் சட்டப்படி என்று மட்டும் இருக்கும். அது உயிருக்கும் உடலுக்குமானது. இரண்டாவது வரி பொருளுக்கானது. காருக்கு வழக்கமாக 7,50,000 ரூபாய்; இரு சக்கர வாகனத்துக்கு 1,00,000 ரூபாய். பிரீமியத்தில் கொஞ்சம் குறையுமே என்று 6,000 ரூபாய் வரம்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த 6,000 மட்டுமே.

போட் கிளப் சாலையில் உங்கள் ஸ்கூட்டர் ஒரு வெளிநாட்டுக் காரின் முன்பக்கத்தில் மோதி, பழுது பார்க்க 4 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். கார்க்காரருக்கு அவருடைய கம்பெனி பணம் கொடுத்துவிடும். பிறகு அந்தக் கம்பெனி, கார்க்காரர் இடத்தில் தான் நின்று உங்களிடம் கேட்கலாம். சப்ரோகேஷன் எனப்படும் இந்த உரிமையை, சரண் ஸ்பின்னிங் மில்ஸ் சம்பந்தப்பட்ட சரக்கு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2010-இல் விரிவாக விளக்கியிருக்கிறது. தவறு உங்களுடையது என்று நிரூபணமானால் 1 லட்சம் உங்கள் பாலிசியிலிருந்து போகும். மிச்சம் உங்கள் கையிலிருந்து.

நம்பிக்கை: அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

உண்மை: தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் நிம்மதி அடையாதீர்கள். 'முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று அங்கே ஒரு வரி இருக்கலாம். வக்கீல்கள் 'பே அண்ட் ரெக்கவர்' என்பது இதைத்தான். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது போன்ற பாலிசி மீறல்களில் இப்படி உத்தரவு வரும். இதற்காகக் கம்பெனி தனியாக வழக்குத் தொடுக்கத் தேவையில்லை, அதே தீர்ப்பின் பேரில் நிறைவேற்று மனு போட்டால் போதும் என்று 2004-இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜப்தி நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வருவது இந்த வழியில்தான்.

நம்பிக்கை: பேப்பரில் ஏதாவது ஒரு குறை இருந்தாலும் கம்பெனி கைவிரித்துவிடும்.

உண்மை: குறை இருந்தால் மட்டும் போதாது. மீறல் நடந்தது, அதில் உரிமையாளரின் அலட்சியமும் இருந்தது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். இது 2004-இல் வந்த ஸ்வரன் சிங் தீர்ப்பின் சாரம். வேலைக்கு வைத்த டிரைவரின் லைசென்ஸைப் பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லி வைத்துக்கொண்டவர், பின்னால் அது போலி என்று தெரியவந்தாலும் தப்பலாம். புகைச் சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தெளிவுபடுத்திவிட்டது. எல்எம்வி எனப்படும் இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

ஆனால் டியூஷனுக்கு நேரமாகிவிட்டதே என்று 16 வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியை நீட்டிய அப்பா எந்த அலட்சியத்தை மறுக்க முடியும்? நஷ்டஈட்டுச் சுமை ஒரு பக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து என்பது இன்னொரு பக்கம்.

நம்பிக்கை: பின்சீட்டில் உட்கார்ந்தவரும் மூன்றாம் நபர்தானே?

உண்மை: வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் இல்லை. இரு சக்கர வாகனத்தில் சும்மா ஏற்றிச் சென்றவருக்கு அந்தப் பாலிசியில் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பானது. அடையாறு சிக்னலில் லிஃப்ட் கேட்ட நண்பர் விழுந்து கால் முறிந்து வழக்குப் போட்டால், தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழலாம். நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் பின்சீட்டுக்காரரும் அடங்குவார். வண்டி பழசாயிற்றே, தேர்டு பார்ட்டி போதும் என்று முடிவெடுக்கும் முன், பின்னால் தினமும் யார் உட்கார்கிறார்கள் என்று யோசியுங்கள்.

நம்பிக்கை: விற்றுவிட்ட வண்டிக்கு நான் பொறுப்பில்லை.

உண்மை: காசு வாங்கி, சாவி கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் வண்டி கை மாறும், சட்டத்தின் கண்ணில் ஆள் மாறமாட்டார். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர். பல கை மாறிய ஒரு வண்டி விஷயத்தில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. வாங்கியவர் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி யாரையாவது இடித்தால், சம்மன் உங்கள் விலாசத்துக்கு வரும். விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவியுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள்.

நம்பிக்கை: சம்மன் வந்தால் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார்.

உண்மை: இருப்பதிலேயே அதிக நஷ்டம் தருவது இந்த நம்பிக்கைதான். சென்னையில் இந்த வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன. வண்டிக்காரர் பல வழக்குகளில் வருவதே இல்லை. எக்ஸ்பார்ட்டி என்று குறித்துவிட்டு வழக்கு நகரும். கம்பெனி வக்கீல் கம்பெனிக்காகத்தான் வாதாடுவார். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று அவர் சொல்லும்போது, "இதோ இருக்கிறது" என்று எடுத்துக் காட்ட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பீரோவில் பத்திரமாக இருக்கும் லைசென்ஸ், வழக்குக் கட்டில் இல்லாமல் போய்விடும்.

ஆகவே சம்மன் வந்தால் மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி மூன்றையும் எடுத்துக்கொண்டு, சொல்லியிருக்கும் தேதியில் நீதிமன்றத்துக்குப் போங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலை வையுங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. முதல் வாய்தாவுக்கு முன்பே கூப்பிடுங்கள்.