பத்து விரற்கணக்கு

வயிறு நிறைதல் வேறு. உடல் வளம் பெறுதல் வேறு. பசி தீர்ந்தவுடன் வயிறு அமைதி அடைகிறது. ஆயினும், குருதிக்கும் எலும்புக்கும் கண்ணுக்கும் வேண்டுவன கிடைத்தனவா என்பதை அது சொல்லாது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், முன் உண்டது செரித்தபின் உண்பார்க்கு மருந்து வேண்டா என்றார். உடலுக்கு ஒவ்வும் உணவை அளவோடு கொள்க என்றும் அறிவுறுத்தினார். அவ்வாறாயின், நாள்தோறும் உண்ணும் உணவு தகுதியுடையதா என்பதை எளிதில் அறிவது எங்ஙனம்?

உணவின் தகுதியை ஆராயும் பணி, நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ஒரே அறையில் தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவர் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர். அவர் இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, காய் ஆகியவற்றைக் கலந்துண்ட எலிகள் செழித்தன. அரிசியை மிகுதியாகவும் பிறவற்றை அருகியும் உண்டவை மெலிந்தன. ஒரே வகை உணவு எவ்வளவு மிகினும், பல வகை உணவுக்கு ஈடாகாது என்பது இதனால் விளங்கும். அந்நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரின் உணவை மதிப்பிட எளிய முறையொன்றை வகுத்துள்ளது. அது உணவுப் பொருள்களைப் பத்து வகையாகப் பகுக்கிறது. தானியமும் கிழங்கும் ஒரு வகை; பருப்பும் பயறும் ஒரு வகை; கடலை, எள் முதலியன ஒரு வகை. பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, கீரை ஆகியவை நான்கு வகை. பப்பாளி, மாம்பழம், காரட் போன்ற மஞ்சட் கனி காய்கள் ஒரு வகை. ஏனைய காய்கள் ஒரு வகை. ஏனைய பழங்கள் ஒரு வகை. நேற்று ஒரு பகலும் இரவும் உண்டவற்றை நினைவுகூர்ந்து, வகைக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்து விரலேனும் மடங்குதல் நன்று. ஒரே வகையை மும்முறை உண்டாலும் விரல் ஒன்றே. ஒரு மேசைக்கரண்டி அளவிற்குக் குறைந்தது கணக்கில் சேராது. ஆதலின் தாளிதத்துக் கறிவேப்பிலையும் தேநீரில் கலந்த சிறிது பாலும் விரல் பெறா.

விருதுநகர் மாவட்டத்திலுள்ள தாயில்பட்டி, சிவகாசி வட்டாரத்தைச் சார்ந்த ஊர். அங்குப் பலர்க்கும் வாழ்வளிப்பது பட்டாசுத் தொழில். அவ்வூரில் ஓர் இல்லம் இருப்பதாகக் கொள்வோம். தாய் வைகறையில் எழுந்து சமைத்து, தூக்குவாளியுடன் வேலைக்குச் செல்கிறாள். பதினைந்து வயது மகள் பள்ளியில் பயில்கிறாள். ஒருநாள் மாலை மகள் வினவுகிறாள்: "அம்மா, நேற்று நீ என்னென்ன உண்டாய்?"

"காலையில் பழைய சோறும் ஊறுகாயும், நண்பகலில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும், மாலையில் தேநீரும் காராச்சேவும், இரவில் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். வயிறு நிறைந்தது, தாயி, அது போதாதா?"

மகள் எண்ணிப் பார்க்கிறாள். சோறும் உருளைக்கிழங்கும் ஒரே வகை, கத்தரிக்காய் மற்றொன்று. பொரித்த தின்பண்டத்தை இம்முறை கணக்கிற் கொள்வதில்லை. நான்கு வேளை உண்டும் தாய்க்கு மடங்கிய விரல்கள் இரண்டே! மகளுக்கோ சோறு, பள்ளிச் சத்துணவில் கிடைத்த கொண்டைக்கடலையும் முட்டையும், வீட்டுக் கத்தரிக்காய், தோழி தந்த கொய்யாப்பழம் என ஐந்து மடங்கின. அனைவர்க்கும் சமைத்துப் பொருளும் ஈட்டும் தாயின் உணவே குறைந்து நின்றது.

"நாட்கூலிக் குடும்பத்துக்கு இத்தனை வகை கட்டுமா?" என்று தாய் வினவுகிறாள். "கொல்லையில் முருங்கை நிற்கிறதே, அம்மா! அதன் கீரையை ஒரு கை அள்ளிப் பாசிப்பயற்றோடு சமைத்தால் இரண்டு விரல், காராச்சேவுக்கு மாற்றாக அவித்த நிலக்கடலை ஒரு விரல்" என்கிறாள் மகள். இரண்டு ஐந்தாயிற்று.

2019-21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர் எனத் தெரிந்தது. உணவில் இரும்புச்சத்துக் குறைதல் அதற்கு ஒரு முதன்மையான காரணம். உணவோடு தேநீர் அருந்தினால் அச்சத்து உடலிற் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை அது சேர்வதற்குத் துணைபுரியும்.

விரற்கணக்கிற்கு எல்லையும் உண்டு. அது வகையைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்தனவா என்பதை அதனால் அறிதல் இயலாது. உப்பு, ஒருவர்க்கு ஒரு நாளில் ஒரு சிறு கரண்டி, அஃதாவது 5 கிராம் அளவைக் கடத்தலாகாது. அளவறியத் தட்டை நோக்குக: அதில் பாதியளவு காய், கீரை, பழங்களாக இருத்தல் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறி. மேலும், ஒரு நாட்கணக்கைக் கொண்டு ஒருவரை நோயாளர் என்றோ நலமுடையார் என்றோ துணிதல் தவறு. பல நாள் எண்ணிப் பார்த்தலே முறை. சோர்வும் மூச்சிரைப்பும் தொடருமாயின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்தறிதல் வேண்டும்.

இக்கணக்கிற்கு ஏடும் எழுதுகோலும் வேண்டா. இரு கைகளே போதும். மாணவர் இதனைத் தமக்கு மட்டும் பயன்படுத்துதல் போதாது. இல்லத்தில் எல்லார்க்கும் பரிமாறியபின் இறுதியில் உண்பவர் யார், அவர் தட்டில் எஞ்சியது யாது என்று வினவி அறிதல் வேண்டும். கற்ற கல்வி வீட்டின் அடுக்களைக்கும் பயன்படுதலே சிறப்பு.

பயிற்சி
1. குன்னூர் ஆராய்ச்சியால் விளங்கிய உண்மை யாது?
2. தாய் நான்கு வேளை உண்டும் இரண்டு விரல்களே மடங்கியமைக்குக் காரணம் என்ன?
3. நும் இல்லத்தில் உள்ளோர் நேற்று உண்டவற்றை விரல்விட்டு எண்ணி, குறைந்த வகைகளை எழுதுக.