நம்பிக்கைகளும் உண்மைகளும்: உயிருள்ளதற்கு ஓர் ஒப்பாரி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் அன்பர்களும், அந்நாட்டு விளையாட்டுச் செய்திகளை ஆர்வத்தோடு வாசிக்கும் இளைஞர்களும், பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்து முடிக்கிறார்கள்: “பேக்-12 செத்துப் போய்விட்டது, இப்போது அந்தப் பெயரில் இருப்பது வேறு ஏதோ.” துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்கிறவர்களும் உண்டு, தீர்ப்புக் கூறும் தோரணையில் சொல்கிறவர்களும் உண்டு; ஆனால் அந்தச் சம்மேளனத்தின் சாசன விதிகளை ஒரு தடவையேனும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கல்வி ஸ்தாபனங்களின் சரித்திரத்தைப் படிப்பதே தொழிலாக இருக்கிற எனக்கு, இந்த அலட்சியத்தைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. ஆகையால் இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சர்வகலாசாலைகள் விளையாட்டுக்காகச் சம்மேளனங்களாகக் கூடிக்கொள்வதும், அட்டவணையையும் தொலைக்காட்சி வருமானத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதும் அந்நாட்டுச் சம்பிரதாயம். மேற்குக் கரையின் தலையாய சம்மேளனமாக இருந்த பேக்-12-இலிருந்து, 2022 ஜூன் 30-ஆம் தேதி யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும் பிக் டென் சம்மேளனத்துக்குப் போவதாக அறிவித்தன. மறு ஆண்டு ஜூலையில் கொலராடோ பிக் 12-க்குப் புறப்பட்டது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் பிக் 12-க்கும் போயின. செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும், அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் இடம் பிடித்தன. பன்னிரண்டில் பத்து போய், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டும் மிஞ்சின.

இது பெருஞ்சேதம் என்பதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் சேதம் வேறு, மரணம் வேறு. மரணம் என்று சொல்ல வேண்டுமானால் ஸ்தாபனம் கலைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதன் ஆஸ்தி பிறர் கைக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அது ஆட வேண்டிய களத்திலிருந்து விதியால் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஆஸ்தியை முதலில் பார்ப்போம். எஞ்சிய இரு சர்வகலாசாலைகளும் 2023 செப்டம்பரில், புல்மன் நகருக்கு அருகே கோதுமை விளையும் குன்றுகளிடையே அமைந்த கால்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரில், விட்மன் ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. வெளியேறுவதாக அறிவித்த பத்துப் பேரும் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து, தாங்கள் விட்டுப் போகிற வீட்டின் பெட்டகத்தைத் தாங்களே பங்கு போடலாமா என்பதே வழக்கின் சாரம். விலகுவதற்கு அறிவிப்புக் கொடுத்த உறுப்பினரின் பிரதிநிதி குழுவில் தமது இடத்தை இழப்பார் என்ற பொருளில் விதி இருந்தது. பத்துப் பேரின் தரப்போ, நாங்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினோமே ஒழிய விதி சொல்லும் அறிவிப்பைக் கொடுக்கவில்லை என்று வாதித்தது. அந்த வாதத்தைக் கவிழ்த்தது வெளியார் சாட்சியமன்று. சம்மேளனத்தின் சொந்த நடத்தையே. 2022-இல் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் புறப்பட்டபோதும், மறு ஆண்டு கொலராடோ புறப்பட்டபோதும், இதே விதியைக் காட்டித்தான் அவர்களுடைய பிரதிநிதிகளைக் குழுவிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். மூவருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு வேறொரு நியாயமா? நவம்பர் 14-ஆம் தேதி நீதிபதி கேரி லிபி, குழுவின் அதிகாரம் எஞ்சிய இருவருக்கே என்று இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தார். டிசம்பர் 15-ஆம் தேதி வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்ய மறுத்தது. பின்னர் ஏற்பட்ட சமரசத்தில், வெளியேறிய பத்துப் பேரும் சேர்ந்து ஆறரைக் கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். செத்துப் போன ஸ்தாபனத்துக்கு இத்தனை உரிமையும் இத்தனை ஆஸ்தியும் எப்படி வந்தன என்பதை ஒப்பாரி வைப்பவர்கள்தாம் விளக்க வேண்டும்.

அடுத்தது களத்தின் விதி. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் நிபந்தனைப்படி, அமெரிக்கக் கால்பந்தின் மேல்நிலையில் ஆடும் சம்மேளனத்துக்கு எட்டு உறுப்பினர்களாவது வேண்டும்; குறைந்தால், நிறைத்துக்கொள்ள இரண்டு ஆண்டுத் தவணை உண்டு. அந்தத் தவணைக்குள்ளேயே வேலை நடந்தது. 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் என்ற நான்கும், அவற்றைத் தொடர்ந்து யூட்டா ஸ்டேட்டும் வரச் சம்மதித்தன. அக்டோபர் முதல் தேதி, கால்பந்தே ஆடாத, ஆனால் கூடைப்பந்தில் 2017-லும் 2021-லும் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்ற கொன்ஸாகா இசைந்தது. 2025 ஜூன் 30-ஆம் தேதி டெக்ஸாஸ் ஸ்டேட் சேர்ந்து எட்டாவது கால்பந்து இடத்தை நிரப்பியது. புதியவர்கள் அனைவருக்கும் பிரவேச நாள் 2026 ஜூலை முதல் தேதி.

மூன்றாவது ஆதாரம் என்னுடைய சொந்தத் துறையான சரித்திரத்திலிருந்து வருவது. எனக்கு இதுவே மிகப் பெரிதாகப் படுகிறது. 1915 டிசம்பரில் போர்ட்லண்டு நகரில் நான்கு கல்வி நிலையங்கள் கூடிப் ‘பசிபிக் கோஸ்ட் சம்மேளனம்’ என்ற பெயரில் இந்த மரபைத் தொடங்கின. அந்நால்வரில் ஒன்று, அன்று ஓரிகன் விவசாயக் கல்லூரி எனப்பட்ட இன்றைய ஓரிகன் ஸ்டேட். வாஷிங்டன் ஸ்டேட் 1917-இல் வந்தது. 1950-களில், ஆட்டக்காரர்களுக்கு ஆதரவாளர் கழகங்கள் ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் அம்பலமாகி, சண்டையும் தண்டனையுமாக முற்றி, 1959-இல் அந்தச் சம்மேளனம் மெய்யாகவே கலைக்கப்பட்டது. அப்போது கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு, யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., வாஷிங்டன் என்ற ஐந்தும் புதிய சங்கம் அமைத்துக்கொண்டு மற்றவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தின. அப்படி நிறுத்தப்பட்டவர்களில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டுமே. 1962-இல் ஒன்றும் 1964-இல் மற்றொன்றும் உள்ளே திரும்பின. பிறகு 1968-இல் பேக்-8, 1978-இல் பேக்-10, 2011-இல் பேக்-12 என்று பெயர் வளர்ந்தது. 1959-இல் கலைந்ததன் சரித்திரத்தையும் தன் சரித்திரமாகவே இந்தச் சம்மேளனம் பாராட்டி வந்திருக்கிறது. அதை எவரும் ஆட்சேபித்ததில்லை. மெய்யாகவே கலைந்தபோது தொடர்ச்சி உண்டு என்று ஒப்புக்கொண்ட உலகம், கலையாமல் நீதிமன்றத்தில் நின்று மீண்டபோது தொடர்ச்சி இல்லை என்று சாதிப்பது எந்தத் தர்க்கம்?

“மவுண்டன் வெஸ்ட் சம்மேளனத்துக்குப் புதுப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்” என்பது அதே வதந்தியின் இளைய சகோதரம். ஒன்பது உறுப்பினர்களில் ஐவர் அங்கிருந்து வந்தவர்கள் என்பது மெய். ஆனால் மவுண்டன் வெஸ்ட் தன் சொந்த உறுப்பினர்களோடு தனியே இருந்து வருகிறது. பேக்-12 எடுத்துக்கொண்ட உறுப்பினர்களுக்காக அது ஐந்தரைக் கோடி டாலர் அபராதம் கேட்டது; அதை எதிர்த்துப் பேக்-12 வழக்கும் தொடுத்தது. ஒன்று மற்றொன்றாக மாறியிருந்தால் தன்மேல் தானே வழக்காடுவது எப்படி?

உயிரோடு இருப்பதனால் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பழைய முதல் வரிசை அந்தஸ்து இன்று இல்லை; தொலைக்காட்சி வருமானம் பழைய அளவில் இல்லை. கால்பந்தில் எட்டே பேர் என்பது விதி கேட்கும் எண்ணிக்கையின் விளிம்பு. நாளைக்கு ஒருவர் எழுந்து போனால் மறுபடியும் தவணைக் கணக்குத்தான். சிபிஎஸ் தொலைக்காட்சியுடனான ஒப்பந்தமோ 2030-31 பருவத்தோடு முடிகிறது. எதிர்காலம் நிச்சயமற்றது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எதிர்காலமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டியதில்லை.

நம்பிக்கை: திறமை இல்லாததால்தான் இரண்டும் கைவிடப்பட்டன.
உண்மை: ஓரிகன் ஸ்டேட் 2022 கால்பந்துப் பருவத்தில் பத்து ஆட்டங்களை வென்றது. ஏ.சி.சி. சேர்த்துக்கொண்ட ஸ்டான்ஃபோர்டு 2021, 2022, 2023 மூன்று பருவங்களிலும் பன்னிரண்டில் மும்மூன்று ஆட்டங்களையே வென்றது. பார்க்கப்பட்டது திறமையன்று, சுற்றுப்புறத்துத் தொலைக்காட்சி வீடுகளின் எண்ணிக்கை. அவ்விரண்டும் இருக்கும் கார்வாலிஸும் புல்மனும் சிறிய ஊர்கள், குற்றம் அவ்வளவே.

நம்பிக்கை: ஆட்டக்காரர்கள் பணம் கேட்கத் தொடங்கியதால் சம்மேளனம் உடைந்தது.
உண்மை: உடைத்தது தொலைக்காட்சி ஒப்பந்தம். 2011-இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் என்று பெருமையோடு கையெழுத்தான ஒப்பந்தம் 2024-இல் முடிய இருந்தது. 2012-இல் தாங்களே முழு உடைமையாளராகத் தொடங்கிய தொலைக்காட்சி நிலையம், டைரக்ட்டிவி போன்ற பெரிய விநியோகஸ்தரிடம் கடைசி வரை இடம் பெறவில்லை. 2022 அக்டோபரில் பிக் 12 முந்திக்கொண்டு ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலருக்கு ஒப்பந்தம் முடித்தது. பேக்-12 தலைவர்கள் நல்ல விலைக்குக் காத்திருந்து, கடைசியில் சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பிய ஆப்பிள் நிறுவனத்தின் திட்டம் ஒன்றைத்தான் மேஜைமேல் வைக்க முடிந்தது. தாமதித்தவர்கள் தலைவர்கள், பழியை மாணவர்கள்மேல் போடுவது அநீதி.

நம்பிக்கை: இப்படி ஒரு சிதைவு முன்னெப்போதும் கண்டதில்லை.
உண்மை: 1914-இல் பிறந்த சவுத்வெஸ்ட் சம்மேளனம் 1996-இல் மறைந்தது, அதுதான் மரணம். 2013-இல் இரண்டாகப் பிளந்த பிக் ஈஸ்ட், கூடைப்பந்தை நம்பிய கல்லூரிகளின் கையில் பெயரோடு பிழைத்தது; அதன் உறுப்பினரான வில்லனோவா 2016-லும் 2018-லும் தேசியப் பட்டம் வென்றது. இரு முடிவுகளுக்கும் முன்னுதாரணம் உண்டு.

நம்பிக்கை: சம்மேளனம் இல்லாத அணிக்குக் கதியில்லை.
உண்மை: ஓரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி 2025-இல் எந்தச் சம்மேளனத்தையும் சாராமல் தனித்து ஆடி, ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்றுவரை சென்றது.

நம்பிக்கை: வெளியேறியவர்கள் அனைவரும் செழிக்கிறார்கள்.
உண்மை: ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி.யின் தொலைக்காட்சி வருமானத்தில் தொடக்க ஆண்டுகளுக்குச் சுமார் 30 சதவீதப் பங்குக்கே சம்மதித்து உள்ளே போயின. அதற்கு ஈடாகக் கொடுப்பது, கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓயாத பிரயாணம்.

அந்தப் பிரயாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. கால்பந்து அணி பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஆடுகிறது. தனி விமானத்தில் போய்த் திரும்புகிறது. வாலிபால் ஆடும் பெண்ணும், நீச்சல் வீராங்கனையும், சாஃப்ட்பால் அணியும் வாரநாட்களில் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் பறந்து, நள்ளிரவில் திரும்பி, காலையில் ரசாயன வகுப்புக்குப் போக வேண்டியிருக்கிறது. கால்பந்தின் வருமானத்துக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம், கால்பந்தைத் தொட்டறியாத நூற்றுக்கணக்கான வித்தியார்த்திகளின் தூக்கத்தையும் படிப்பையும் விலையாகக் கேட்பது எந்தக் கல்வித் தர்மத்துக்கும் அடுக்காது. மாற்று வழி ஒன்றும் கனவன்று. மவுண்டன் பசிபிக் விளையாட்டுச் சம்மேளனம் என்ற ஒன்று 1992-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. கால்பந்தை விட்டுவிட்டு, குறிப்பிட்ட விளையாட்டுகளுக்கு மட்டும் மேற்குக் கரைச் சர்வகலாசாலைகளை அது ஒன்றுசேர்க்கிறது. யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா ஆகிய நான்கும் வெவ்வேறு பெரிய சம்மேளனங்களுக்குச் சிதறிய பிறகும், ஆடவர் வாட்டர் போலோவில் அதன் குடைக்கீழ் பழைய அண்டையாராகவே மோதுகின்றன. வாட்டர் போலோவுக்கு முடிவது வாலிபாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் ஏன் முடியாது?

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை விளையாட்டு உதவித்தொகையோடு மேற்குக் கரையில் சேரப் போகிறாள் என்றால், சம்மேளனம் செத்ததா பிழைத்ததா என்று விசாரிப்பதை விட்டு, அவளுடைய அணி ஒரு பருவத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கும், எத்தனை வகுப்பு தவறும் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். புதிய பேக்-12-இன் தலைவர்களுக்கும் ஒன்று: டெக்ஸாஸ் ஸ்டேட் இருக்கும் சான் மார்க்கஸ் வரை எல்லையை நீட்டியிருக்கிறீர்கள்; அது கால்பந்துக்கு அவசியமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற விளையாட்டுகளை அண்டை ஊர்களோடு ஆட விடுங்கள். போனவர்களையும் அந்த ஆட்டங்களுக்கு மட்டும் திரும்ப அழையுங்கள். கைவிடப்பட்டதன் வலியை அறிந்த சம்மேளனமே இதை முதலில் செய்யத் தகுதியுடையது. செய்யாமல், பெரியவர்கள் விளையாடும் பணச் சூதாட்டத்தையே சிறிய முதலை வைத்துக்கொண்டு நீங்களும் ஆடப் புகுந்தால், இன்றைய ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஏலம் வரும்போது உறுப்பினர் எண்ணிக்கை மறுபடியும் எட்டுக்குக் கீழே இறங்கும். அதைக் கால்ஃபாக்ஸின் எந்த நீதிபதியாலும் தடுக்க முடியாது.