தக்காளி சென்று சேரும் வழி

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. விளைச்சலைப் பெருக்குவதற்கு நாம் மேற்கொள்ளும் முயற்சியில் காற்பங்கையேனும், விளைந்த பொருள் கெடாமல் உண்போர் கைக்குச் சென்று சேர்வதற்காக மேற்கொள்கிறோமா? தருமபுரி மாவட்டத்தில் வட்டார வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் பன்முறை நம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

பாலக்கோடு, காரிமங்கலம், மாரண்டஅள்ளி ஆகிய பகுதிகள் தக்காளிக்குப் பெயர் பெற்றவை. விலை வீழ்ந்த நாட்களில் இங்குள்ள வயல்களின் வரப்பில் நின்று, பறிப்பாரின்றிச் செடியடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை நாம் கண்டதுண்டு. பாடுபட்டு வளர்த்ததை உழவர் பறிக்காமல் விடுவது சோம்பலால் அன்று, கணக்கினால்.

அக்கணக்கை விளங்கிக்கொள்வதற்காக ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 25 கிலோ கொண்ட ஒரு பெட்டிக்குப் பறிகூலி 25 ரூபாய், வண்டி வாடகை 20 ரூபாய், சுமைகூலி 5 ரூபாய், தரகு நூற்றுக்குப் பத்து எனக் கொள்வோம். கிலோ 4 ரூபாய்க்கு விற்றால் பெட்டிக்கு 100 ரூபாய் வரும். செலவு 60 போக 40 மிஞ்சும். நாற்று, உரம், மருந்து, பாய்ச்சல் ஆகியவற்றின் செலவை இந்த நாற்பதிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். கிலோ 2 ரூபாயானால் வரவு 50, செலவு 55. பறித்தால் பெட்டிக்கு ஐந்து ரூபாய் நட்டம். பறிக்காவிட்டால் அந்த ஐந்து ரூபாயேனும் மிச்சம். இதனை அறிந்தபின் உழவரைக் குறைகூற யாருக்கு மனம் வரும்?

இந்நிலை ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது? 2023ஆம் ஆண்டு ஜூலையில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்ற தக்காளி, செப்டம்பருக்குள் அடிமட்ட விலைக்குச் சரிந்தது. நாற்று விட்டதிலிருந்து முதற்பறிப்பு வரை ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இன்றைய உயர்ந்த விலையைக் கண்டு இன்று எல்லோரும் நாற்று விட்டால், மூன்று மாதங்களுக்குப் பின் எல்லோருடைய பழமும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும். விலையைப் பார்த்து நடுவோர் பெரும்பாலும் விலை போனபின்னரே அறுவடை செய்கின்றனர்.

நாற்றங்கால், வயல், பறிப்பு, பெட்டி, வண்டி, மண்டி, சில்லறைக் கடை, அடுப்படி என்னும் இவை ஒன்றோடொன்று பிணைந்த கண்ணிகள். இதனையே வழங்கல் சங்கிலி என்கிறோம். ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றுப் போகும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகச் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரே சந்தையை நம்பியிருந்தோருக்கு அது பெரும் பாடமாயிற்று.

பெருந்தொழில்களும் இப்பாடத்தைக் கற்றே தேறின. தேவைப்படும் வேளையில் தேவைப்படும் அளவே உதிரிப்பொருள் வரவழைக்கும் முறைக்குப் புகழ்பெற்றது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம். 2011ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தால் உதிரிப்பொருள் வரத்து நின்று அதன் உற்பத்தி முடங்கியது. அதன்பின், எப்பொருள் எவரிடமிருந்து வருகிறது என்பதை அடிவரை எழுதிவைத்து, இன்றியமையாத மின்னணுச் சில்லுகளைச் சில மாதங்களுக்கு இருப்பில் வைக்குமாறு தனக்குப் பொருள் வழங்குவோரை அது கேட்டுக்கொண்டது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில்லுப் பஞ்சம் உலகைத் தாக்கியபோது, பிறரினும் சிறப்பாக அது சமாளித்தது. தக்காளியை மாதக்கணக்கில் இருப்பு வைக்க இயலாது. ஆயினும், கண்ணிகளை எழுதிப் பார்ப்பதும் மாற்று வழி தேடி வைப்பதும் நமக்கும் இயலும்.

இதற்கு நாம் கூறும் வழிகள் நான்கு.

முதலாவது, நடவைப் பகிர்தல். ஊரிலுள்ள உழவர் குழுவினர் ஒன்றுகூடி, பதினைந்து நாள் இடைவெளியில் முறைவைத்து நட்டால், வரத்து ஒரே வாரத்தில் குவியாது.

இரண்டாவது, பறிப்பில் கவனம். தொலைவிலுள்ள சந்தைக்கு நிறம் மாறத் தொடங்கிய காயையும், அருகிலுள்ள சந்தைக்குச் சிவந்த பழத்தையும் பறிக்கவேண்டும். வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் தரம் பிரித்து, பிளாஸ்டிக் பெட்டிகளில் அளவாக அடுக்கினால் நசுங்குவது குறையும். முழுதும் பழுக்காத காயைப் பத்துப் பாகை வெப்பத்திற்குக் கீழ் குளிரூட்டி வைத்தால், அது பின்னர் ஒழுங்காகப் பழுக்காது. குளிர்பதனக் கிடங்கு இருந்தால் மட்டும் போதாது; அதைப் பயன்படுத்தும் முறையும் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட சந்தை. சென்னை, பெங்களூரு, அருகிலுள்ள உழவர் சந்தை ஆகிய மூன்றிலும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். கூழாக்கும் தொழிற்சாலையும் ஒரு வழியே. ஆயினும், ஒரு கிலோ கெட்டிக் கூழுக்குச் சுமார் ஆறு கிலோ பழம் வேண்டும். அதற்குச் சதைப்பற்று மிகுந்த இரகமே ஏற்றது. சந்தையில் விற்காத பழத்தையெல்லாம் ஆலை வாங்கிக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறு. விதைக்கும் முன்பே இரகத்தையும் விலையையும் பேசி, எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, கூட்டு முயற்சி. தனி உழவர் ஒருவர் பத்துப் பெட்டிகளுடன் நின்றால் பேரம் பேசும் வலிமை அவருக்கு இராது. நூறு பேர் சேர்ந்து வண்டி அமர்த்தினால் வாடகை குறையும். வணிகரும் தேடி வருவர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் நோக்கம் இதுவே. காய்கனிகளுக்கான வழங்கல் தொடர் மேலாண்மைத் திட்டத்தைத் தமிழக அரசு தருமபுரி உள்ளிட்ட பத்து மாவட்டங்களுக்கு வகுத்து, முதன்மைப் பதப்படுத்தும் நிலையங்களை நிறுவியது. கட்டடமும் இயந்திரமும் அரசு தரலாம். அவற்றை நாள்தோறும் இயக்குவது குழுவின் ஒற்றுமையே ஆகும்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் குழுப் பொறுப்பாளர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று. அடுத்த நடவுக்கு முன் ஒரு மாலைப்பொழுது கூடி அமருங்கள். நாற்றங்கால் முதல் அடுப்படி வரையுள்ள கண்ணிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், இது நாளை நின்றுபோனால் நம் பழம் எங்கே செல்லும் என்று கேட்டு, விடையையும் எழுதுங்கள். விடை கிடைக்காத இடமே நாம் முதலில் கைவைக்க வேண்டிய இடம். அந்த வெற்றிடத்தை இப்போதே நிரப்பிவிட்டால், பழுத்த பழம் செடியடியில் உதிர்ந்து கிடக்கும் காட்சியை நம் பிள்ளைகள் காணவேண்டிய தேவை நேராது.