கண்ணாடித் தகடும் காகிதப் படியும்

கொல்கத்தாவின் எஸ்பிளனேடு பகுதியில் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' என்னும் புகழ்பெற்ற ஒளிப்பட நிலையம் இருந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியா வந்தார். நாடெங்கும் சுற்றிப் பழங்கட்டடங்களைப் படம்பிடித்தார். மதுரை, தஞ்சைக் கோயில்களும் அவற்றுள் அடங்கும்.

அக்காலத்தில் படமெடுப்பது எளிதன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தகடுகள் அனைத்தையும் சுமையாள்கள் உடன் சுமந்து சென்றனர். படியெடுக்கும் தாளில் பூசப்பட்டது என்ன தெரியுமா? முட்டையின் வெண்கரு!

தகடு இருக்கும்வரை எத்தனை படிகளும் எடுக்கலாம். ஆனால், 1991 பிப்ரவரியில் அந்நிலையத்தில் தீப்பற்றியது. தலைமுறைகளாகக் காத்துவந்த தகடுகளுள் பெரும்பாலானவை அழிந்தன. 2016இல் நிலையமும் மூடப்பட்டது.

எனினும் படங்கள் முற்றிலும் மறையவில்லை. முற்காலப் பயணிகள் விலைகொடுத்து வாங்கி ஆல்பங்களில் ஒட்டிய படிகள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடித் திரட்டினர். பழுப்பேறிய அத்தாள்களில்தான் அன்றைய கோபுரங்களை இன்று நாம் காண்கிறோம்.

செயல்பாடு: உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய படம் எது? அதில் இருப்பவர் யார், எந்த ஊரில் எடுத்தது எனப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.